இயல்பு எல்லைக்குள் ஓர் எச்சரிக்கை: கல்லீரல் நொதிகளும் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதியும்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., ஜி.ஜி.டி. என்று அச்சாகும் மூன்றையும் பொதுவாகக் கல்லீரல் நொதிகள் என்கிறார்கள். முதலாவதன் இன்றைய பெயர் அலனின் அமினோடிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக ஏ.எல்.டி.; இரண்டாவது அஸ்பார்ட்டேட் அமினோடிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக ஏ.எஸ்.டி.; மூன்றாவது காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ். மூன்றுக்கும் வேலை செல்லில்தான். இரத்தத்தில் அவற்றுக்கு எந்தக் கடமையும் இல்லை. ஏ.எல்.டி. பெரும்பாலும் கல்லீரல் செல்லின் திரவப் பகுதியில் இருக்கிறது. ஏ.எஸ்.டி. கல்லீரலோடு இதயம், எலும்புத்தசை, சிறுநீரகம், சிவப்பணு ஆகியவற்றிலும் உண்டு. கல்லீரலில் உள்ள ஏ.எஸ்.டி.-இல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அடங்கியிருக்கிறது. ஜி.ஜி.டி. செல்லின் புறச்சவ்வில் அமர்ந்திருப்பது. பித்தநாளங்களிலும் சிறுநீரகத்திலும் கணையத்திலும் அது மிகுதி. செல் நலிந்தால் உள்ளிருப்பது கசிகிறது. கசிந்த ஏ.எல்.டி. ஏறத்தாழ இரண்டு நாளில் பாதியாகக் குறைகிறது, ஏ.எஸ்.டி. ஒரு நாளைக்குள் பாதியாகிவிடுகிறது.

இந்த நொதிகள் மருத்துவத்துக்குள் நுழைந்த வழி, அவற்றை இன்றும் நாம் வாசிக்கும் விதத்தைத் தீர்மானித்திருக்கிறது. 1954, 1955 ஆண்டுகளில் நியூயார்க்கில் ஆர்தர் கார்மன், ஃபெலிக்ஸ் ரோப்லெவ்ஸ்கி, ஜான் லடூ ஆகிய மூவரும், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் ஏ.எஸ்.டி. உயர்வதை முதலில் காட்டினார்கள். கல்லீரல் அழற்சியில் இரண்டு அமினோடிரான்ஸ்ஃபரேஸ்களும் பல மடங்கு ஏறுவது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தெளிவானது. வைரஸால் வரும் மஞ்சள்காமாலையில் ஏ.எல்.டி. ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம். நூறுகளையும் ஆயிரங்களையும் தேடிப் பழகிய கண்ணுக்கு 35 என்ற எண்ணில் செய்தி எதுவும் தெரியாது. லிட்டருக்கு 40 யூனிட் வரை இயல்பு என்று கோடு கிழிக்கப்பட்டு, கோட்டுக்குக் கீழே எதுவும் பொருட்டில்லை என்ற எண்ணம் வேரூன்றியது. வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதியோடு இந்த நொதிகளுக்குள்ள உறவு, பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயும் அதையொட்டி மேலேயும்தான் நிகழ்கிறது.

ஐந்து அளவுகள்

1988-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ரீவன், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பான்டிங் சொற்பொழிவில் ஒரு கருத்தை முன்வைத்தார். உயர் இரத்த அழுத்தம், மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த எச்.டி.எல். கொலஸ்ட்ரால், சர்க்கரையைக் கையாள்வதில் தடுமாற்றம் ஆகியவை ஒரே ஆளிடம் கூடி வருவது தற்செயல் அல்ல, அவற்றின் அடியில் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கீழ்ப்படியாத இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்பதே அது. அவர் அதற்கு ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். உடல் பருமனை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998-இலும், அமெரிக்க வல்லுநர் குழு 2001-இலும், பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2005-இலும் தனித்தனி வரையறைகள் தந்தன. 2009-இல் முக்கிய அமைப்புகள் கூடி ஒரு பொது வரையறைக்கு உடன்பட்டன.

அதன்படி ஐந்து அளவுகளில் எவையேனும் மூன்று எல்லை தாண்டினால் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி உண்டு. இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டுவது, டிரைகிளிசரைடு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே. இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும்வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இவற்றுக்காக ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொள்பவர்களும் எல்லை தாண்டியவர்களாகவே கொள்ளப்படுகிறார்கள்.

இந்த ஐந்தில் கல்லீரல் இடம்பெறவில்லை. ஆனால் வெறும்வயிற்றில் இரத்தத்துக்குள் சர்க்கரையை விடுவது பெரும்பாலும் கல்லீரல்தான். டிரைகிளிசரைடைப் பொட்டலம் கட்டி வி.எல்.டி.எல். துகள்களாக அனுப்புவதும் அதுவே. அத்துகள்கள் இரத்தத்தில் மிகும்போது, டிரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் துகளுக்குத் துகள் கைமாறி, எச்.டி.எல். துகள்கள் சிறுத்து விரைவில் வெளியேறுகின்றன. ஐந்தில் மூன்று அளவுகள் இப்படிக் கல்லீரலின் கணக்கில் சேர்கின்றன. அளவுகோல்களில் விடுபட்டுப்போன உறுப்பு, நோய்த்தொகுதியின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது

உணவில் மிஞ்சிய ஆற்றலைச் சேமிக்கத் தோலடிக் கொழுப்புத் திசு இருக்கிறது. அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. அது ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. குதிர் நிறைந்தபின் வரும் நெல் நடையிலும் திண்ணையிலும் குவிவதுபோல, கொள்ளளவு கடந்த கொழுப்பு வயிற்று உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் சேர்கிறது. இதற்கு வலுவான சான்று, தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கும் லிப்போடிஸ்ட்ரோஃபி நோயாளிகளிடம் கிடைக்கிறது. பார்க்க மெலிந்திருக்கும் அவர்களுக்குக் கடுமையான கொழுப்புக் கல்லீரலும், உச்சத்தில் டிரைகிளிசரைடும், கட்டுக்கடங்காத நீரிழிவும் இருக்கின்றன. சேமிக்க இடமின்மையே அவர்களுடைய நோய்.

கல்லீரலில் படியும் கொழுப்பின் மூலங்களை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாக அளந்தது. அறுவைச் சிகிச்சைக்கோ திசு ஆய்வுக்கோ வந்திருந்த கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளுக்கு, அடையாளமிடப்பட்ட மூலக்கூறுகள் சில நாள்கள் செலுத்தப்பட்டன. கல்லீரல் டிரைகிளிசரைடில் 59 விழுக்காடு, இரத்தத்தில் மிதந்துவரும் கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. 26 விழுக்காட்டைக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்து புதிதாக உருவாக்கியிருந்தது. உண்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடுதான்.

முதல் பங்கை விளக்குவது கொழுப்புத் திசுவின் இன்சுலின் எதிர்ப்பு. சாப்பிட்டபின் கொழுப்பை விடுவிக்காதே என்று இன்சுலின் இடும் ஆணையை அத்திசு சரிவரக் கேட்பதில்லை. கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் கல்லீரலுக்கு வருகின்றன. இரண்டாவது பங்கு சற்று நுட்பமானது. இன்சுலின் எதிர்ப்பு முற்றிய கல்லீரல், சர்க்கரை உற்பத்தியை நிறுத்து என்ற ஆணையை மீறுகிறது. கொழுப்பை உருவாக்கு என்ற ஆணைக்கு மட்டும் கீழ்ப்படிகிறது. ஆணை பலிக்காததால் கணையம் இன்சுலினை மேலும் சுரக்க, மிகுந்த இன்சுலினால் கொழுப்பு உற்பத்தி மேலும் கூடுகிறது. சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஒருசேர உயர்வது இந்தப் பாதி எதிர்ப்பால்தான். இனிப்புகளில் உள்ள ஃபிரக்டோஸ், குளுக்கோஸுக்கு உள்ள கட்டுப்பாட்டு வாயிலைத் தாண்டிக் கல்லீரலில் நேராகக் கொழுப்பாக்கும் பாதையில் நுழைகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் நடத்திய நீரிழிவு ஆய்வின் உணவுக் கணக்கின்படி, இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் தெற்கே தீட்டிய வெள்ளரிசியும் அதோடு சேர்ந்த சர்க்கரையும் பெரும்பங்கு. எண்ணெயைக் குறைத்துவிட்டேன் என்று நிம்மதி கொள்பவர்களின் கல்லீரலில் கொழுப்பு குறையாமலிருப்பதற்கு இந்த இரண்டாவது பங்கு ஒரு காரணம்.

படிந்த கொழுப்பு சும்மா இருப்பதில்லை. டிரைகிளிசரைடாக மாறும் வழியில் உருவாகும் டைஅசில்கிளிசரால் என்ற இடைப்பொருள், இன்சுலின் ஏற்பியின் செயலைத் தடுக்கும் ஒரு நொதியைத் தூண்டுகிறது. இன்சுலின் எதிர்ப்பு கொழுப்பைச் சேர்க்க, கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை வளர்க்க, சுழல் இறுகுகிறது. அழற்சியைக் காட்டும் புரதங்களையும் கொழுத்த கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. ஐந்து அளவுகளில் இரத்த அழுத்தத்தோடு மட்டும் கல்லீரலின் தொடர்பு சுற்றிவளைத்ததே; இன்சுலின் மிகுதியால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பது போன்ற பல வழிகள் அதில் கலந்திருக்கின்றன.

நொதி ஏன் உயர்கிறது

கொழுப்பு அமிலங்களின் நச்சுத்தன்மையால் சில கல்லீரல் செல்கள் ஊதி, சவ்வு சிதைந்து, ஏ.எல்.டி. கசிகிறது என்பது பழைய விளக்கம். அது சரி, ஆனால் முழுமையல்ல. தசையிலிருந்து வரும் அலனினைப் பைருவேட்டாக மாற்றி, அதைக்கொண்டு சர்க்கரை தயாரிப்பதில் ஏ.எல்.டி.-க்கு நேரடிப் பங்கு உண்டு. இன்சுலின் எதிர்ப்பில் கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரை தயாரிக்கிறது. அந்த வேலைக்கான கருவிகளும் கூடுகின்றன. மரபுவழியில் பருத்த ஓ.பி. வகை எலிகளின் கொழுப்புக் கல்லீரலில் ஏ.எல்.டி.-இன் இரண்டாம் வடிவத்துக்கான மரபணுவின் செயல்பாடு மிகுந்திருப்பது ஆய்வகத்தில் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே மிதமாக உயர்ந்த ஏ.எல்.டி., சிதைவின் அடையாளமாக மட்டுமல்லாமல், இரவும் பகலும் சர்க்கரை தயாரிக்கும் கல்லீரலின் அடையாளமாகவும் இருக்கலாம். திசு ஆய்வில் பெரிய சேதம் தெரியாதவர்களிடமும் நொதி ஏன் சற்று ஏறுகிறது என்பதற்கு இது பொருத்தமான பதில்.

ஜி.ஜி.டி.-இன் கதை வேறு. செல்லைக் காக்கும் முக்கியத் தற்காப்புப் பொருள் குளூட்டதயோன். செல்லுக்கு வெளியே அதை உடைத்து, அதன் கூறுகளை மீண்டும் உள்ளே கொண்டுசெல்ல உதவுவதே ஜி.ஜி.டி.-இன் பணி. ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகும்போது தேவையும் மிகுகிறது, நொதியும் ஏறுகிறது. மது அதை உயர்த்துவது நன்கு அறியப்பட்டதால், ஜி.ஜி.டி. சற்றுக் கூடியிருந்தாலே குடிப்பழக்கத்தைச் சந்தேகிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மதுவைத் தொடாதவர்களைக் கூனிக் குறுக வைக்கும் இந்த அவசரம் தவறானது. இடுப்புச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் கூடியவர்களிடம், மது இல்லாமலே ஜி.ஜி.டி. உயர்கிறது.

ஆண்டுக் கணக்கில் தொடர்ந்தவை

அரிசோனாவின் பீமா இனத்தவரிடம் நீரிழிவு மிகமிக அதிகம். அவர்களில் நீரிழிவு இல்லாதவர்களின் இன்சுலின் செயல்திறனை ஆய்வகத்தில் நுட்பமாக அளந்து, சராசரியாக ஏறத்தாழ 7 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளியானது. அக்காலத்தில் 63 பேருக்கு நீரிழிவு வந்தது. உடல் கொழுப்பு, தசையின் இன்சுலின் செயல்திறன், கணையத்தின் சுரப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும், தொடக்கத்தில் ஏ.எல்.டி. மிகுந்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே நின்றது. மேலும் தொடக்கத்தில் ஏ.எல்.டி. மிகுந்தவர்களின் கல்லீரல், காலப்போக்கில் இன்சுலினின் ஆணையை மேலும் மேலும் கேளாமல் போனது. நொதிக்கும் கல்லீரலின் இன்சுலின் எதிர்ப்புக்கும் உள்ள பிணைப்பை ஊகமாக விடாமல் அளந்தே காட்டியதால், இத்துறையில் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு.

மேற்கு ஸ்காட்லாந்தில் கொலஸ்ட்ரால் மருந்துச் சோதனையில் பங்கெடுத்த 5,974 ஆண்களைப் பற்றிய கணக்கு 2004-இல் வந்தது. ஏறத்தாழ 5 ஆண்டுகளில் 139 பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். ஏ.எல்.டி. 17-க்குக் கீழே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 29-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு ஆபத்து இருமடங்கு. வயது, எடை, டிரைகிளிசரைடு, சர்க்கரை, அழற்சிக் குறி போன்றவற்றைச் சரிசெய்த பின்னும் கிடைத்த விடை இது. கவனிக்க வேண்டியது அந்த 29. எந்த ஆய்வகத்தின் தாளிலும் அது தடித்த எழுத்தில் அச்சாகாது.

தென் கொரியாவின் உருக்கு ஆலை ஒன்றில் 4,088 ஆண் தொழிலாளர்களை 4 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, ஜி.ஜி.டி.-க்கும் நீரிழிவுக்கும் இதே படியேற்றத்தைக் காட்டியது; இயல்பு எனப்படும் எல்லைக்குள்ளேயே படிகள் தெளிவாக இருந்தன. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வில் ஜி.ஜி.டி. மிகுந்தவர்களுக்குப் பின்னாளில் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதியும் இதயநோயும் கூடுதலாக வந்தன. ஆஸ்திரியாவில் 1,63,944 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான கணக்கு, ஜி.ஜி.டி.-ஐ இதய, இரத்தநாள நோய்களால் நேரும் மரணத்தோடும் இணைத்தது. நாடு, தொழில், உடல்வாகு எல்லாம் மாறியும் திசை மாறவில்லை என்பதே இவற்றின் பலம்.

தெற்காசிய உடல்

சென்னையில் நடந்த நகர்ப்புற ஆய்வு ஒன்றின் முடிவுகளை 2009-இல் வி. மோகன் குழுவினர் வெளியிட்டார்கள். ஸ்கேன் செய்யப்பட்ட 541 பேரில் 32 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை இயல்பாக உள்ளவர்களில் 22.5 விழுக்காடு, நீரிழிவின் வாசலில் நிற்பவர்களில் 33, நீரிழிவு வந்தவர்களில் 54.5. அதே ஆண்டு இலங்கையின் ராகமவிலிருந்து வந்த ஆய்வில் விகிதம் 32.6 விழுக்காடு. ராகமவினர் தங்கள் மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களுக்குப் புதிதாக நீரிழிவு வரும் வேகம், இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

இவற்றைவிட உலுக்குவது மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கிராமப்புற ஆய்வு. 2010-இல் வெளியான அதில், உடலுழைப்பில் வாழும், பெரும்பாலும் மெலிந்த மக்களிடையே 8.7 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு உடல் நிறைக் குறியீடு 25-க்குக் கீழே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எடையும் கூடவில்லை, இடுப்பும் கூடவில்லை. பருமனான நகரவாசியின் நோய் என்ற படத்தை இந்த எண்கள் குலைக்கின்றன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெலிந்த, இளைய, புகைபிடிக்காத ஆண்களை இனவாரியாக ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வந்தது. இந்திய வம்சாவளியினரிடம் இன்சுலின் எதிர்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு பரவலாகவும், கல்லீரல் கொழுப்பு இருமடங்காகவும் இருந்தன. புனேயின் நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக் இதைக் கருப்பையிலிருந்தே தொடங்கும் கதையாகக் காண்கிறார்: எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தையின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருக்க, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. தோலடிச் சேமிப்பின் கொள்ளளவு சிறிது என்றால், ஐரோப்பியருக்கு மிதமான எடைக்கூடுதல் இங்கே கல்லீரல்வரை போய்விடுகிறது. இடுப்பின் எல்லையைத் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டராகத் தாழ்த்தியது இதையொத்த காரணங்களால்தான்.

எது இயல்பு

இயல்பு எல்லை என்பது நலமாக இருப்பதாகக் கருதப்படும் மக்களில் பெரும்பாலோரின் அளவிலிருந்து கணிக்கப்படுவது. அந்த மக்களிலேயே மூவரில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தால், கணிக்கும் எல்லையே வீங்கிவிடும். இத்தாலியின் மிலான் நகரத்தில் டேனியல் பிராத்தி குழுவினர் 6,835 புதிய இரத்தக் கொடையாளர்களை ஆராய்ந்தார்கள். எடை, டிரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால், சர்க்கரை ஆகிய எல்லாம் சரியாக இருந்து, மருந்தும் எடுக்காதவர்களை மட்டும் பிரித்தெடுத்து எல்லையை மறுபடி கணித்தார்கள். 2002-இல் அவர்கள் முன்மொழிந்த மேல் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவக் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலும் ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்று கிட்டத்தட்ட அதே எண்களை ஏற்றது. இருந்தும் பல ஆய்வகங்களின் தாளில் ஆண், பெண் வேறுபாடின்றி 40-க்கு மேற்பட்ட எல்லையே இன்றும் அச்சாகிறது. ஏ.எல்.டி. 36 உள்ள ஒரு பெண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்புவது, மாற்ற வேண்டிய, மாற்றுவதற்கு எளிதான வழக்கம்.

எல்லையைத் தாழ்த்தினாலும் நொதி எல்லோரையும் காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் காந்த அதிர்வு முறையில் கல்லீரல் கொழுப்பை அளந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அவர்களில் 79 விழுக்காட்டினருக்கு ஏ.எல்.டி. இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தது. எனவே நொதி உயர்ந்திருப்பது ஒரு துப்பு. உயராமலிருப்பது விடுதலைப் பத்திரம் ஆகாது. இடுப்பும் டிரைகிளிசரைடும் சர்க்கரையும் எல்லை தாண்டியவரிடம், நொதி சரியாக இருந்தாலும் கல்லீரலைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

காரணமா, சாட்சியா

நொதியின் உயர்வு நோய்த்தொகுதியை உண்டாக்குகிறதா, இரண்டும் வேறொன்றின் விளைவா என்ற கேள்விக்கு மரபணு ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. 2008-இல் டாலஸ் மக்களிடம் கண்டறியப்பட்ட பி.என்.பி.எல்.ஏ.3 மரபணுவின் ஒரு மாற்றம், கல்லீரல் கொழுப்பையும் நொதியையும் தெளிவாக உயர்த்துகிறது. ஆனால் அதைச் சுமப்பவர்களுக்கு டிரைகிளிசரைடும் இன்சுலின் எதிர்ப்பும் அதே அளவுக்கு ஏறுவதில்லை. வி.எல்.டி.எல். துகளைக் கட்டமுடியாமல் பிறப்பவர்களின் கல்லீரலிலும் கொழுப்பு குவிகிறது; அவர்களிடமும் இன்சுலின் எதிர்ப்பு பெரிதாக இல்லை. கொழுப்பு படிந்தாலே வளர்சிதை மாற்றம் குலையும் என்ற எளிய சமன்பாடு இதனால் நிற்கவில்லை. கொழுப்பு எந்த வழியில் வந்தது என்பது முக்கியமாகிறது. மறுபுறம், இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகள் ஏ.எல்.டி.-ஐ உயர்த்துவதும், ஏ.எல்.டி.-ஐ உயர்த்தும் வேறுபாடுகள் நீரிழிவு ஆபத்தைக் கூட்டுவதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தன. உறவு இருபுறமும் ஓடுகிறது. நொதி மூலக்கூறு தன்னளவில் கேடு செய்வதற்குச் சான்று இல்லை. கல்லீரலுக்குள் நடப்பதற்கு அது சாட்சி.

2023-இல் பன்னாட்டுக் கல்லீரல் அமைப்புகள் கொழுப்புக் கல்லீரல் நோயின் வரையறையை மாற்றி எழுதின. கல்லீரலில் கொழுப்போடு, எடை அல்லது இடுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, எச்.டி.எல். ஆகியவற்றில் ஒன்றாவது குலைந்திருக்க வேண்டும் என்பது இப்போது நோயறிதலின் பகுதியாகிவிட்டது.

சாட்சி பிறழும் இடங்களும் உண்டு. பி, சி வகை வைரஸ்கள், மது, காசநோய் மருந்துகள், வலிப்பு மருந்துகள், சில நாட்டு மருந்துகளும் உடற்பயிற்சிக்கூடப் பொடிகளும், தைராய்டு கோளாறு, தன்னுடல் தாக்கு நோய்கள், செம்பு தேங்கும் வில்சன் நோய் ஆகியவை நொதிகளை உயர்த்துகின்றன. கடுமையான உடற்பயிற்சிக்குப் பின் தசையிலிருந்து ஏ.எஸ்.டி. கசிகிறது, ஓரளவு ஏ.எல்.டி.-யும். 1957-இல் இத்தாலியின் ஃபெர்னாண்டோ தெ ரித்தீஸ் சுட்டிக்காட்டிய விகிதம் இங்கே உதவுகிறது: வளர்சிதை மாற்றக் கொழுப்புக் கல்லீரலில் பெரும்பாலும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.-ஐவிடக் குறைவு, மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் அது இருமடங்கைத் தாண்டுவது வழக்கம். வைட்டமின் பி6 குறைந்தவர்களிடமும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் நொதிகள் உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். முதுமையில் ஏ.எல்.டி. தானாகவே இறங்குகிறது. ஒரே ஆளிடமும் நாளுக்கு நாள் எண் மாறுவதால், ஒற்றை அறிக்கையைக்கொண்டு முடிவுக்கு வருவது சரியல்ல.

மீளும் வழியும் மறையும் ஆபத்தும்

இந்தச் சுழல் எவ்வளவு விரைவாக அவிழும் என்பதை 2011-இல் நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் குழு காட்டியது. நீரிழிவு வந்த 11 பேர் 8 வாரம் நாளுக்கு ஏறத்தாழ 600 கலோரி மட்டும் உண்டார்கள். முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 விழுக்காடு குறைந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்பை எட்டியது. கணையம் மீள 8 வாரமும் தேவைப்பட்டது. முதலில் வழிவிட்டது கல்லீரல். இது மருத்துவக் கண்காணிப்பில் நடந்த சோதனை. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக முயல்வது ஆபத்து. மிதமான வழியும் பலன் தருகிறது. கியூபாவில் 293 நோயாளிகளுக்கு ஓராண்டு உணவும் நடைப்பயிற்சியும் பரிந்துரைத்து, முன்னும் பின்னும் திசு ஆய்வு செய்தார்கள். எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்குக் கல்லீரலைத் தழும்பாக்கும் நார்த்திசுப் படிவும் பின்வாங்கியது.

ஏ.எல்.டி. சற்றுக் கூடியிருப்பதைக் கண்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துவது இங்கே அடிக்கடி நேரும் தவறு. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்குப் பெரிய எதிரி இதயநோய். மிதமான நொதி உயர்வு ஸ்டேட்டினுக்குத் தடையல்ல. இயல்பைவிட மூன்று மடங்கைத் தாண்டும்போதுதான் மறுபரிசீலனை தேவைப்படுகிறது.

நொதி எண் நோயின் முதிர்ச்சியைச் சொல்வதில்லை என்பது கடைசியாக நினைவில் இருத்த வேண்டியது. நார்த்திசு படிந்து சிரோசிஸை நெருங்கும் கல்லீரலில் செல்களே குறைவதால், ஏ.எல்.டி. இறங்கி இயல்புபோலத் தோன்றலாம். அதனால்தான் ஃபிப்-4 என்ற கணக்கு பயன்படுகிறது. வயதை ஏ.எஸ்.டி.-ஆல் பெருக்கி, இரத்தத் தட்டணு எண்ணிக்கையை ஏ.எல்.டி.-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். விடை 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய நார்த்திசுப் படிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். இடையில் இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. இந்திய அரசு 2021-இல் கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. ஃபிப்-4 கணக்குக்கு வேண்டிய நொதி, தட்டணு அளவுகளைச் சிறிய ஆய்வகங்களும் செய்து தருகின்றன. நீரிழிவுக்காகவும் இரத்த அழுத்தத்துக்காகவும் வருபவரின் இடுப்பை ஒரு நாடாவால் அளந்து, அந்த எண்களோடு சேர்த்து வாசித்தால், யாரைக் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், யாருக்கு உணவும் நடையும் போதும் என்பதைச் சாதாரண மருத்துவமனையிலேயே பிரித்துவிடலாம்.